எண்ணிக்கை சரி

கொட்டாஞ்சேனை, இரண்டாம் மாடி, இரவு ஒன்றேகால்.
தட்டிய விதத்திலேயே யாரென்று தெரிந்தது.
அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத்துண்டு, வேலைக் கடிதம்
மூன்றும் எப்போதும் அரிசி டின்னுக்கு மேல்தான் இருக்கும்.
எடுத்து நீட்டினேன்.
"குலாஸ். பிறந்த இடம் மன்னார்."
வாசித்தவர் சப்-இன்ஸ்பெக்டர் ரத்னசேகர.
கூட வந்த இருவரும் மெத்தையைப் புரட்டினார்கள்.

மெத்தைக்கு அடியில் ஒன்றுமில்லை.
ஆல்பம் மேசையிலேயே கிடந்தது.

"இது எந்த நாட்டு முத்திரை?"
ஒரு பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம்.
வாய் கேட்கவில்லை.
"ஜெர்மனி மாதிரித் தெரியும் சேர். அடித்தவன் ஜெர்மனியின் எதிரி."
"இது?"
"இங்கிலாந்து ராசா. அடித்தது ஜெர்மன்காரன்.
கிரீடத்தைப் பாருங்கள்,
சிலுவை நிற்கிற இடத்தில் நட்சத்திரம்."
"எதற்கு?"
"பார்க்கிறவன் குழம்பட்டும் என்று."
என் சிங்களத்தில்
குழப்பத்துக்கும் கலவரத்துக்கும் ஒரே சொல்தான்.
அவர் பேனாவைத் திறந்தார்.

அவருக்கு எப்படி விளக்குவது,
சதாம் வீதியில் துவான் ஜுமாத்திடம்
மூன்று வருடம் தவணை கட்டி
அந்த மண்டையோட்டை வாங்கினேன் என்று?
கை நீட்டிப் பிடித்தால் மீசைக்காரன்.
லென்ஸுக்குள் கொண்டுவந்தால்
கன்னத்துத் தோல் உரிந்து தாடை எலும்பு.
"அசல் போலி," என்றார் ஜுமாத்,
"போலிக்குப் போலி அடித்து விற்கிறான்கள் இப்போது. இது அதில்லை."
நம்பாமல்
ஓரத்துப் பற்களை
இரண்டு சென்ரிமீற்றருக்கு எத்தனை என்று
மூன்று தரம் எண்ணிய பிறகே காசு கொடுத்தேன்.

டோர்ச் வெளிச்சத்தில் பற்றுச்சீட்டு எழுதினார்கள்:
முத்திரை 43. சந்தேகத்துக்கிடமானவை.
அதை மட்டும் சரியாகத்தான் எழுதினார்கள்.

பதினொரு கிழமை.
ஒவ்வொரு திங்களும் அரைநாள் லீவு,
நிலையத்து வாங்கில்,
காணாமற்போன மகனின் படத்தோடு வந்த ஒருத்திக்குப் பக்கத்தில்,
காணாமற்போன முத்திரைகளைக் கேட்க வந்த நான்.
ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்டபோது
சைக்கிள் என்று பொய் சொன்னேன்.

பன்னிரண்டாம் கிழமை ஆல்பம் மேசைமேல் வந்து விழுந்தது.
"எண்ணு."
எண்ணினேன். நாற்பத்து மூன்று.
கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் விரித்தால்
மண்டையோட்டின் இடத்தில்
மூன்றரை ரூபாய் முத்திரை ஒன்று,
கடிதத்தோடு சேர்த்துக் கிழித்தது.
அரைவட்டத் தபால் குறியில் தமிழ் 'மன்' மட்டும் தெளிவு.
மன்னாரோ மன்னம்பிட்டியோ.

கொதிக்காத சுடுநீரில் பத்து நிமிடம் போட்டால்
தாள் தானாகக் கழன்றுவிடும்.
சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.
கிண்ணத்தை நிரப்பிய பிறகே திருப்பிப் பார்த்தேன்.
கொப்பித்தாள்.
உறை கிடைக்காமல் மடித்து ஒட்டி அனுப்பியிருக்கிறான் எவனோ.
உட்புறத்தில், பென்சிலில், இரண்டு சிங்களச் சொற்கள்.
எழுத்துக் கூட்டினேன்.
ஒன்று 'மழை'.
மற்றது 'வேண்டாம்'.
எது வேண்டாம் என்பது
கிழித்தவரிடம் இருக்கிறது.

தண்ணீரை யன்னலால் ஊற்றினேன்.

போன மாதம் ஜுமாத் வந்தார்.
புரட்டிக்கொண்டே போனவர் அங்கே நின்று,
"அசலை ஏனப்பா போலிகளுக்குள் வைத்திருக்கிறாய்?
மண்டையோடு இருந்திருந்தால்
இன்றைக்கு என்ன விலை தெரியுமா?"
தெரியும்.

என் பட்டியலில் மூன்று கட்டங்கள்:
எந்த நாட்டுப் பெயர். அடித்தது யார். யாருக்கு எதிராக.
முதல் இரண்டிலும் இலங்கை என்று எழுதினேன்.
மூன்றாவதில் பென்சிலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிறகு மழை வந்தது,
உலர்த்தப்போட்ட சட்டைகளை எடுக்க எழுந்துவிட்டேன்.